19 சென்டிமீட்டர்

எங்கள் ஊர் மைதானத்தில் இரண்டு வாலிபால் கம்பங்கள் நிற்கின்றன. பழைய போர்வெல் குழாயை வெட்டி நட்டவை. ரொம்ப வருடமாக ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கொக்கிதான் இருந்தது, தரையிலிருந்து 2.43 மீட்டரில். ஆண்கள் ஆட்டத்துக்கு அதுதான் வலையின் உயரம். பெண்களுக்கு 2.24 மீட்டர். நடுவில் 19 சென்டிமீட்டர். என் கையால் அளந்தால் ஒரு சாண்கூடத் தேறாது.

நான் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடியவள். அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் வேலை என்று பதினெட்டு வருடம் பந்தைத் தொடவில்லை. 39 வயதில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எல்லையில நிக்குது, தினமும் நடங்கம்மா" என்றார். நடப்பது எனக்கு ஆகாது. போய்விட்டு அதே இடத்துக்குத் திரும்பி வருவதில் என்ன இருக்கிறது? ஒரு சாயங்காலம், மகனுடைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய் நின்றேன்.

தென்காசிப் பக்கம் எங்களுக்கு வாலிபால் என்பது கோயில் கொடை மாதிரி. கோடை லீவில் ஊருக்கு ஊர் மின்னொளிப் போட்டி நடக்கும். தினமும் சாயங்காலம் ஐந்து முதல் இருட்டும் வரை ஆட்டம் உண்டு. ஹார்டுவேர் கடை அண்ணாச்சிதான் அணிக்குத் தலை. பந்து வாங்குவது, கோடு போடுவது, சண்டையை விலக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க மதினி, மைதானம் எல்லாருக்கும் பொதுதான?" என்றார். மனசாரச் சொன்னார். அவர் நல்ல மனிதர். இதைப் படிக்கவும் படிப்பார்.

பின்வரிசை ஓரத்தில் நிறுத்தினார்கள். பந்து என் பக்கம் வரவில்லை. வந்த இரண்டு பந்தையும் பக்கத்தில் நின்ற பையன் எனக்கு முன்னால் பாய்ந்து எடுத்தான், என் மேல் பட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில். வலைப் பக்கம் போய்க் குதித்துப் பார்த்தேன். விரல் நுனி நாடாவில் பட்டது, அவ்வளவுதான். வலையைக் கொஞ்சம் இறக்கலாமா என்று கேட்டேன். "இறக்குனா ஆட்டம் செத்துரும் மதினி" என்றார் அண்ணாச்சி. தவிர, இறக்கிக் கட்ட இரண்டாவது கொக்கியும் இல்லை. கயிற்றைச் சுற்றிக் கட்டினால் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும்.

மைதானம் எல்லாருக்கும் பொது. இந்த ஒரு வாக்கியத்தை நாலு வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். எங்கள் மைதானத்துக்குக் கேட் கிடையாது. வேலியும் கிடையாது, மாடு மேய்கிறது. யாரும் யாரையும் வராதே என்று சொன்னதில்லை. ஆனாலும் அங்கே வருவது 16 முதல் 35 வயது வரையுள்ள, நல்ல காலும் நல்ல உயரமும் உள்ள, ஊரின் வடக்குப் பாதியில் குடியிருக்கும் ஆண்கள். இப்படி ஒரு வடிகட்டலை வேலி போட்டுச் செய்திருந்தால் கேஸ் ஆகியிருக்கும். இதைச் செய்தது ஒரு கொக்கி, ஒரு நேரம், ஒரு பூட்டு. அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஆட்டம் யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் வில்லியம் மார்கன். அவருக்குப் பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் 1891இல்தான் பாஸ்கட்பாலைக் கண்டுபிடித்திருந்தார்கள். இளவட்டங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் மார்கனிடம் வந்தவர்களில் நிறையப் பேர் நடுவயதுத் தொழிலதிபர்கள். முட்டி மோதி ஓடுகிற ஆட்டம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அவர்களுக்காகத்தான் 1895இல் நடுவில் ஒரு வலையைக் கட்டி, பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டுகிற ஒரு ஆட்டத்தை உருவாக்கினார். அன்றைக்கு வலையின் உயரம் ஆறரை அடி, அதாவது 1.98 மீட்டர். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். மூச்சு வாங்கும் நடுவயதுக்காரர்களுக்கென்றே பிறந்த ஆட்டத்தில்தான், மூச்சு வாங்கும் நடுவயதுக்காரி ஒருத்தி இடம் கேட்டு நின்றுகொண்டிருந்தேன்.

நம் ஊருக்கும் இது ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு பி.டி. வாத்தியார்களாகப் போய் இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த ஆட்டத்தில் சுற்று என்று ஒன்று உண்டு. சர்வீஸ் நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஆறு பேரும் ஒரு இடம் தள்ளி நிற்க வேண்டும். நெட்டையனும் ஒருநேரம் பின்னால் போவான், குட்டையனும் ஒருநேரம் வலைக்கு வருவான். எங்கள் ஊர் ஆட்டத்தில் அதையும் தூக்கிவிட்டார்கள். அடிக்கிறவன் எப்போதும் முன்னால், லிஃப்ட் போடுகிறவன் எப்போதும் நடுவில், சும்மா நிற்கிறவன் எப்போதும் ஓரத்தில். போட்டியென்றால் சரி. தினப்படி ஆட்டத்தில்கூட ஏன் சுற்றக் கூடாது என்று கேட்டால், "வேகம் குறையும்" என்றார்கள். யாருடைய வேகம் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலத்தோடு மல்லுக்கட்டாமல் காலை ஆறு மணிக்கு நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்தோம். டீச்சர் ஒருத்தர், அங்கன்வாடி அக்கா, நர்ஸ், மற்றவர்கள் வீட்டிலிருப்பவர்கள். வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து இரண்டு கம்பத்திலும் 2.24இல் கொக்கி வைத்தோம். 400 ரூபாய். அண்ணாச்சியே கொடுத்துவிட்டார். அந்தக் கொக்கியை எங்களைவிட அதிகம் பயன்படுத்தியது யார் என்றால் ஏழாவது, எட்டாவது படிக்கும் பையன்கள். இத்தனை நாள் பெரியவர்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், வலை எட்டும் உயரத்துக்கு வந்ததும் தாங்களே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் ஒன்றும் சாகவில்லை.

நான் ஏதோ சாதித்துவிட்ட நினைப்பில் சுற்றிக்கொண்டிருந்தேன். நாலைந்து மாதம் கழித்து, காலேஜ் பஸ்ஸுக்கு நின்ற பெண் ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள். வாய்க்காலுக்குத் தெற்கே வீடு. "எங்க தெருவுல ஏழெட்டுப் பேரு ஆடுவோம்க்கா. நீங்க கூப்பிடவே இல்லையே" என்றாள்.

"யாரு வேணும்னாலும் வரலாமேம்மா. மைதானம் பொதுதான?" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அது அண்ணாச்சியின் குரல் என்று எனக்கே கேட்டுவிட்டது. எட்டுப் பேரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எல்லாரும் என் தெரு, இல்லையென்றால் அடுத்த தெரு. எல்லாரும் எங்கள் ஆட்கள், அல்லது எங்களோடு கொள்வினை கொடுப்பினை இல்லாவிட்டாலும் கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். நான் ஆள் பார்த்துக் கூப்பிடவில்லை. கண்ணில் பட்டவர்களைக் கூப்பிட்டேன். யார் என் கண்ணில் படுகிறார்கள் என்பதை ஊர் எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறது.

தெற்குத் தெருப் பையன்களுக்குக் குளத்தங்கரையில் தனியாக ஒரு புழுதிக் களம் உண்டு. எங்கள் பையன்களும் அவர்களும் சந்திப்பது மின்னொளிப் போட்டியில் மட்டும்தான், ஜெர்சி போட்டுக்கொண்டு. எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறத்தைத் தைத்தால் என்ன அர்த்தம் என்பது இங்கே மூன்றாவது படிக்கும் பிள்ளைக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு குழு போட்டது. மறு வருடம் ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதி காட்டும் நிறக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று இருந்தது. கயிற்றைப் பற்றி டீக்கடை வரைக்கும் பேச்சு ஓடியது. ஜெர்சியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் வாய் திறந்ததில்லை, நான் உட்பட.

அந்தப் பெண்ணும் அவள் தோழிகள் இரண்டு பேரும் காலை ஆட்டத்துக்கு வந்தார்கள். மூவரும் எங்களைவிட நன்றாக ஆடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் அசடு வழிந்தோம்.

முதல் வாரம் ஒன்று நடந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, பெயர் வேண்டாம், எப்போதும் என் பாட்டிலை வாங்கித்தான் தண்ணீர் குடிப்பாள். அண்ணாந்து குடிக்கிற வழக்கமும் கிடையாது, வாய் வைத்துத்தான். அந்த வாரம் புதிதாக ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். பச்சை நிறம், மூடியில் வளையம். என்னவென்று கேட்டதற்குத் தொண்டை வலி என்றாள். தொண்டை வலி மறுவாரமும் இருந்தது. அடுத்த மாதமும் இருந்தது. ஏனென்றால் இப்போது என் பாட்டிலில் அந்தப் பெண்ணும் குடித்துக்கொண்டிருந்தாள்.

என் சின்ன வயதில் மைதானத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பானை இருக்கும். தெற்குத் தெருப் பையன் யாராவது ஆட்டம் பார்க்க வந்து தண்ணீர் கேட்டால் கையேந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நான், ஆளுக்கொரு பாட்டில் வந்ததும் அந்தக் காலம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பாட்டில் தீட்டுக்கு ரொம்ப வசதி. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சுகாதாரம் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம்.

பல்வங்கர் பாலு என்று, தலித் சமூகத்தில் பிறந்த ஒரு கிரிக்கெட் சுழல் பந்துவீச்சாளர் இருந்தார். 1890களில் பூனாவில் உயர்சாதி இந்துக்களின் கிளப் அவரை அணியில் சேர்த்தது, அவர் இல்லாமல் வெள்ளைக்காரர்களை ஜெயிக்க முடியாது என்பதால். அவர் எறிந்த பந்தைத்தான் எல்லாரும் கையால் பிடித்தார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். அந்தப் பச்சைப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண் குவளைதான் ஞாபகம் வரும்.

நான் என்ன செய்தேன்? ரொம்ப நாள் ஒன்றும் செய்யவில்லை. பாட்டில்காரி எனக்கு வேண்டியவள். என் கணுக்கால் பிசகியபோது பத்து நாள் வீட்டுக்கு வந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டவள். கடைசியில், இருபது லிட்டர் கேனும் நாலு எவர்சில்வர் டம்ளரும் வாங்கி மரத்தடியில் வைத்தேன். இனிமேல் யாரும் பாட்டில் சுமக்க வேண்டாம் என்றேன், எடை தூக்கும் கஷ்டத்தைக் காரணமாகக் காட்டி. நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. அவள் இரண்டு நாள் வந்தாள், தண்ணீர் குடிக்காமலே ஆடினாள், அப்புறம் வரவில்லை. கல்யாண வீடுகளில் இப்போதும் பேசிக்கொள்கிறோம். தெற்குத் தெருப் பெண்களில் இருவர் இன்றைக்கும் வருகிறார்கள். காலேஜ் பெண் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டாள்.

அடுத்தது பீடி சுற்றும் பெண்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பீடிதான். காலையில் சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, அப்புறம் தட்டை மடியில் வைத்தால் இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, சாயங்காலம் கடைக்குப் போய் எண்ணிக் கொடுக்க வேண்டும். காலை ஆறும் ஆகாது, மாலை ஐந்தும் ஆகாது. "ஞாயித்துக்கிழமை கடை கெடையாது. மூணு மணிக்கு மேல சும்மாதான் கெடப்போம்" என்றார் ஒரு சித்தி. அதுவரை அவர்களிடம் யாரும் நேரம் கேட்டதில்லை. நேரத்தை அறிவித்துவிட்டு, வரவில்லையே என்று வருத்தப்பட்டோம்.

ஞாயிறு மூன்றரை மணி என்று வைத்ததும் பதினோரு பேர் வந்தார்கள். நைட்டிக்கு மேல் துண்டு போட்டவர்கள், சேலையை இழுத்துச் செருகியவர்கள், மகளுடைய சுடிதாரில் வந்தவர்கள். ஷார்ட்ஸ், டி-ஷர்ட் என்று எந்த விதியும் நாங்கள் வைக்கவில்லை. ஆனால் மைதானம் ரோட்டை ஒட்டியிருக்கிறது, எதிரில் டீக்கடை. ஓங்கி அடிக்கும் ஒருத்தியைப் பார்த்து, "ஆம்பள கணக்கா அடிக்கா பாரு" என்று ஒரு குரல். சிரிப்பு. அவள் அதற்கப்புறம் பந்தை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். இந்த வார்த்தை டீக்கடையோடு நிற்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலிருந்து போய், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார் சாந்தி சௌந்தரராஜன். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள்.

டீக்கடைப் பிரச்சினைக்கு வழி செய்தது அண்ணாச்சிதான். ஞாயிறு மூன்றரைக்கு அவரே போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பேப்பர் படிப்பார். அவ்வளவுதான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கக்கூஸ் விஷயம் அவ்வளவு லேசில் முடியவில்லை. மைதானத்தை ஒட்டி இருக்கும் கழிப்பறை ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். சாவியை வாங்க ஏழு மாதம் ஆனது. ஆண்களுக்குக் கருவேலங்காடு இருக்கிறது, அவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. அந்த ஏழு மாதத்தில் பெண்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஆட வந்தார்கள். மாதத்தில் ஐந்து நாள் வராமல் இருந்தார்கள். சாவி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேர். தமிழக அரசு 2024இல் 12,525 ஊராட்சிகளுக்கும் 33 வகைப் பொருள்களுடன் விளையாட்டுத் தொகுப்பு கொடுத்தது இல்லையா, எங்கள் ஊருக்கும் வந்தது. வந்ததும் பூட்டிவைத்தார்கள். களவு போய்விடக் கூடாதென்ற நல்ல எண்ணத்தில்தான். சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், ஒரு ஊரில் யார் ஆடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது என் தப்புகளில் பெரியதைச் சொல்கிறேன். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருத்தர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. பதினைந்து வருடமாக எங்கள் மைதான ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறார். எவன் எந்தப் பக்கம் அடிப்பான், எவனுக்கு சர்வீஸ் போட்டால் தடுமாறுவான் எல்லாம் அவருக்கு அத்துபடி. பெரிய போட்டிகளில் கேப்டன்கள் டைம் அவுட் எடுத்துவிட்டு அவரிடம் வந்துதான் கேட்பார்கள். இரண்டு வருடம் முன்பு நடந்த போட்டியில், மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் கமிட்டியில் பேசி, அவரை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, கைதட்ட வைத்தேன். போட்டோ எடுத்தோம். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

மறுநாள் கடைக்கு சார்ஜர் வாங்கப் போனேன். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "துண்டு வீட்டுல நாலஞ்சு கெடக்குக்கா. நான் ஆடுறதுக்கு ஏதாவது உண்டா?"

எனக்குப் பதில் இல்லை. பதினைந்து வருடம் மைதானத்திலேயே உட்கார்ந்திருந்த ஒருவர் ஆட ஆசைப்படுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

போனில் உட்கார்ந்து ஆடும் வாலிபால் வீடியோவைக் காட்டியது அவர்தான். அது ஒன்றும் புதுசு இல்லை. 1956இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 1980இலிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது, பெண்களுக்கு 2004இலிருந்து. களம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05. பந்தைத் தொடும் நேரத்தில் பிட்டத்துக்கும் தோளுக்கும் நடுவில் உடம்பின் ஏதாவது ஒரு பகுதி தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். எழும்பினால் ஃபவுல். மற்றபடி ஆறு பேர், மூன்று தொடுகை, எல்லாம் அதேதான்.

மைதானத்தில் சரளைக்கல். உட்கார்ந்தால் தோல் உரியும். அவரே இடமும் சொன்னார்: நெல் காயப்போடும் சிமெண்ட் களம். ஒரு பக்கம் கரண்ட் கம்பம், மறுபக்கம் டிராக்டர் டிரெய்லர். நடுவில் வலையைக் கட்டினோம். ஆவணி மாதம், வெயில் ஏறாத காலை. வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. எங்கள் பகுதியிலேயே பெரிய அடிகாரன் என்று பெயரெடுத்த பையன் ஜம்பமாக உட்கார்ந்தான். இரண்டு காலையும் எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பந்து வந்தால் பழக்கத்தில் பின்பக்கம் தரையை விட்டுக் கிளம்பிவிடும், ஃபவுல். அண்ணாச்சி ஒரு தடவை நகர்வதற்குள் பந்து இரண்டு தடவை விழுந்தது. ரிப்பேர் கடைத் தம்பியோ உள்ளங்கையைத் துடுப்பு மாதிரி ஊன்றி ஊன்றி வழுக்கிக்கொண்டே போகிறார். பந்து எங்கே வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். பதினைந்து வருடம் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது அடுத்த ஆட்டத்தில் நடந்தது. பீடிப் பெண்கள் ஆறு பேர் ஒரு பக்கம், நாங்கள், அதாவது காலை ஆறு மணிக்காரர்கள், மறுபக்கம். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை செய்து பழகியவர்கள் அவர்கள். சம்மணத்திலிருந்து ஒருக்களித்து, ஒரு காலை நீட்டி, மறு காலை மடக்கி, எழும்பாமலே எட்டு அடி நகர்கிறார்கள். கை வேகத்தைக் கேட்கவே வேண்டாம். 25-11 என்று எங்களை உருட்டிவிட்டார்கள். அந்தச் சித்தி சர்வீஸ் போட்டால் திருப்பி எடுக்க எங்களில் ஆளில்லை. "தட்டு மடியில இல்லாம இருந்தா இன்னும் சுளுவா இருக்கும்னு இப்பத்தான் தெரியுது" என்று சிரித்தார். காலை மைதானத்தில் நன்றாக ஆடுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் வலையின் உயரத்தைப் பொறுத்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாரியப்பன் தங்கவேலுவை எல்லாருக்கும் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் சிதைந்தது. 2016 ரியோவில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவர் கதையில் எனக்குப் பிடித்தது அந்த மூன்று பதக்கமும் அல்ல. பள்ளிக்கூடத்தில் அவரும் முதலில் ஆடியது வாலிபால்தான். அப்புறம் அவருடைய பி.டி. வாத்தியார் உயரம் தாண்டச் சொன்னார். 14 வயதில், எந்தக் குறையும் இல்லாத பையன்களோடு போட்டி போட்டு இரண்டாவதாக வந்தார். ஓரத்தில் உட்கார்ந்து நோட்டில் ஸ்கோர் எழுது என்று அந்த வாத்தியார் சொல்லியிருந்தால்? அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்.

முதலமைச்சர் கோப்பையில் இப்போது மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் விளையாட்டுக்கென்று தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. நல்லதுதான். ஆனால் வருடத்தில் ஒரு நாள் போட்டிக்குப் போக, மீதி நாளெல்லாம் எங்கேயாவது ஆடிப் பழக வேண்டுமே. எங்கள் களத்திலும் அறுப்பு வந்தால் ஒரு மாதம் நெல் கிடக்கும், ஆட்டம் கிடையாது. ஒன்பது மணிக்கு மேல் சிமெண்ட் சுடும். முதல் மாதம் ரிப்பேர் கடைத் தம்பிக்கு இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்து, போனைத் திறக்க முடியாமல் கடையைப் பூட்டினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

மைதானத்திலேயே ஒரு ஓரத்தில் பத்துக்கு ஆறு மீட்டரில் சிமெண்ட் தளம் போட்டுத் தரச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். ரசீது என் கைப்பையில் இருக்கிறது. தளம் வரட்டும் என்று காத்திருக்காமல், போன சாரலுக்கு முன்பு பட்டறைக்காரரை மறுபடி கூட்டிவந்தேன். மூன்றாவது கொக்கி எந்த உயரத்தில் என்று கேட்டார். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே தொட்டுக் காட்டினேன்.

"இது என்னத்துக்கு மதினி, ஆட்டுக்குட்டி கட்டவா?" என்றார்.

வைத்துக் கொடுத்தார். இந்தத் தடவை 450 ரூபாய். தளம் இன்னும் வரவில்லை. தினமும் சாயங்காலம் ஏழாங்கிளாஸ் பையன்கள் பள்ளிக்கூடப் பையை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு, நடுக்கொக்கிக்கு வலையை இறக்கிக் கட்டி ஆடுகிறார்கள். பெரியவர்கள் வந்ததும் மேலே ஏற்றிக் கட்டச் சொல்லி ஒரு சண்டை நடக்கும். நேற்று நடந்த சண்டையில் ஜெயித்தது பையன்கள்.